வீடூர் அணை: எங்கள் தெருவுக்கு வந்த ஆற்றைத் தேடி

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலைக்குள் நகரில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியிருந்தது. வில்லியனூர்ப் பக்கம், சங்கராபரணி ஆற்றுக்கு நடந்து போகும் தொலைவில் இருக்கும் எங்கள் தெருவில் இரண்டு நாட்கள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. மின்சாரம் இல்லாத அந்த இரண்டு நாட்களும் மாடிக்கு மாடி குரல் கொடுத்துப் பேசிக்கொண்டவர்கள் அனைவரும் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: "வீடூரைத் திறந்துவிட்டார்களாம்." அவ்வளவு உறுதியாகப் பேசிய எங்களில் ஒருவர்கூட, இதே ஆற்றின் மேற்போக்கில் இருக்கும் வீடூர் அணையைக் கண்ணால் பார்த்ததில்லை என்பது தண்ணீர் வடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆகவே பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு, வழியில் மண்ணாடிப்பட்டுப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் என் தாய்மாமாவையும் ஏற்றிக்கொண்டு, அணையைப் பார்க்கப் புறப்பட்டோம். இந்த மதிப்புரை அந்த ஒரு பகலைப் பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாத்தனூர், மேட்டூர் அளவுக்கு எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு வீடூர் ஏமாற்றம்தான் தரும். வண்ண விளக்குகளோ, படகுத் துறையோ, வரிசையாக உணவகங்களோ கிடையாது. உழவுக்கென்று கட்டிய அணை, உழவுக்கான அணையாகவே இருக்கிறது. சங்கராபரணியைத் தன் ஊர் ஆறு என்று சொல்லிக்கொள்ளும் எவரும் ஒருமுறையாவது ஏறி நின்று பார்க்க வேண்டிய கரை அது என்பதே என் கருத்து. ஆனால் அங்கே எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள்.

அணை விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது. சென்னையிலிருந்து வருவோர் தேசிய நெடுஞ்சாலையில் மயிலத்துக்குப் பிரியும் கூட்டேரிப்பட்டைத் தாண்டி, இடப்புறம் கிழக்கே திரும்ப வேண்டும். புதுச்சேரியிலிருந்து போவோருக்கு உள்சாலைகளே இனிமை. ஊசுடு ஏரியை ஒட்டிப் பத்துக்கண்ணு வழியாக வெளியேறி, கரும்பும் சவுக்கும் மாறி மாறி வரும் சாலையில் மெல்லச் சென்றால், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போவதே தெரியாது. மதகின் திறப்பைக் 'கண்' என்று அழைக்கும் நல்ல வழக்கம் நம் மொழியில் உண்டு. பத்துக்கண்ணு என்ற பெயரைப் பேருந்துப் பலகையில் நாள்தோறும் படிக்கும் நாம் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. சாலை சில இடங்களில் புயலுக்குப் பின் சீராகாமல் கிடந்தது. கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் எதிரே வரும் நீண்ட பகுதி ஒன்று உண்டு என்பதால், இருசக்கர வாகனத்தில் செல்பவர்கள் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது.

கரை ஏறும் வரை அணை கண்ணில் படவில்லை. இது மண் அணை என்பதே அதற்குக் காரணம். கீழேயிருந்து பார்க்கையில் புல் படர்ந்த ஒரு நீண்ட மேடுதான் தெரியும். பெரிய ஏரிக்கரை என்று நினைத்துக் கடந்தே போய்விடலாம். மேலே ஏறியதும் மகள், "கடலா?" என்று கேட்டாள். எதிர்க்கரை தெரியாத அளவுக்கு இல்லையென்றாலும், தை மாதத்து வெயிலில், ஏறக்குறைய நிறைந்து, அலையடித்துக்கொண்டு கிடந்த அந்த நீர்ப்பரப்பைப் பார்த்தபோது அவள் கேட்டதில் தவறில்லை என்றே தோன்றியது. செஞ்சி மலைகளில் தோன்றி வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் அழைக்கப்பட்டு வரும் சங்கராபரணியும், திண்டிவனம் பக்கத்திலிருந்து வரும் தொண்டியாறும் கூடும் இடத்தில் 1958-59-இல் அணையைக் கட்டினார்கள். எனவே நீர்ப்பரப்பு இரண்டு திசைகளில் விரிந்து உள்ளே போகிறது. எது எந்த ஆற்றின் கை என்று மாமா விரல் நீட்டிக் காட்டிய பிறகே எங்களுக்கு விளங்கியது. இதை விளக்கும் வரைபடம் ஒன்று கரையில் இருந்தால் வருவோர்க்குப் பெரிய உதவியாக இருக்கும்.

கரைமேல் நடப்பதுதான் இங்கே உள்ள முதன்மையான இன்பம். ஒரு பக்கம் நீர். மறுபக்கம், ஐந்தாறு ஆள் உயரம் இறங்கினால் வாய்க்காலும் வயலும். காலை எட்டு மணிக்கு நாங்கள் நடக்கத் தொடங்கியபோது நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. நத்தைக்குத்தி நாரைகள் ஆழமற்ற ஓரத்தில் வேலையாக இருந்தன. பரிசலில் ஒருவர் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். எங்களைத் தவிர நடக்க வந்தவர்கள் நான்கைந்து பேர்தான். நுழைவுக் கட்டணம் கேட்க யாருமில்லை, படம் எடுக்காதே என்று விரட்டவும் யாருமில்லை. கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தோள் உரசியே பழகிய எங்களுக்கு அந்த வெறுமை ஆடம்பரமாகத் தோன்றியது. பத்து மணிக்கு மேல் அதே கரை தண்டனையாக மாறிவிடும். நிழல் மிகக் குறைவு. மண் அணையின் கரையில் மரம் வளரவிடுவதில்லை. வேர் ஓடி, அது பட்டுப்போனபின் அந்தத் துளை வழியே நீர் கசிந்தால் கரையே பலவீனப்படும். அந்தக் காரணம் தெரிந்த பிறகு நிழலில்லாததை நான் குறையாகச் சொல்லமாட்டேன், ஆனால் தொப்பியும் குடிநீரும் இல்லாமல் போகவேண்டாம் என்று சொல்வேன்.

ஷட்டர்கள் இருக்கும் கட்டுமானப் பகுதியில்தான் நாங்கள் நெடுநேரம் நின்றோம். அன்று எல்லாம் மூடியிருந்தன. கீழே ஆற்றின் போக்கில் பாறைகளுக்கு இடையே குட்டைகளாக நீர் தேங்கிக் கிடந்தது. புயலில் வேரோடு பெயர்ந்து வந்த மரம் ஒன்று பாறையில் சிக்கி அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. நான் கேட்க நினைத்து வந்த கேள்வி அதுதான்: ஏன் திறந்தார்கள்? கொஞ்சம் பிடித்து வைத்திருக்கக் கூடாதா?

இதற்கான விடை அணையின் அளவிலேயே இருக்கிறது. வீடூரின் முழு உயரம் 32 அடி. முழுக் கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. சாத்தனூர் அணையின் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அதாவது வீடூரைப் போல் பன்னிரண்டு அணைகளைச் சாத்தனூருக்குள் ஊற்றலாம். இதே அளவை வேறு விதமாகவும் பார்க்கலாம். நொடிக்கு 10,000 கன அடி நீர் வந்துகொண்டிருந்தால், முற்றிலும் காலியாகக் கிடக்கும் வீடூர் அணை பதினேழு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். அந்த நவம்பர் இறுதியில் அணைக்கு அருகிலேயே இருக்கும் மயிலத்தில் பெய்ததும் அரை மீட்டரை ஒட்டிய மழை. நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அரை மீட்டர் மழை சிறிதும் வீணாகாமல் ஓடி வருவதாக வைத்துக்கொண்டால், வெறும் 34 சதுர கிலோமீட்டரில் விழுந்த நீரே இந்த அணையை அடிமட்டத்திலிருந்து நிரப்பிவிடும். செஞ்சியிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் இரண்டு ஆறுகள் கொண்டுவரும் நீரோ அதைவிடப் பல மடங்கு பரப்பில் விழுந்தது. மழைநீர் முழுவதும் ஓடி வராது, மண் குடிக்கும், வழியில் ஏரிகள் பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் அந்த இரவில் இந்த அணையிடம் எங்கள் தெருவைக் காப்பாற்றும் சக்தி இருந்ததா என்ற கேள்விக்கு, கரையில் நின்று பார்த்தபோது எனக்குக் கிடைத்த விடை 'இல்லை' என்பதே. மண் அணைக்கு நீர் கரைமேல் வழிவதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. மண் அரிக்கத் தொடங்கினால் சில மணி நேரத்தில் அணையே போய்விடும். அப்படி ஒன்று நேர்ந்திருந்தால் எங்கள் தெருவில் முழங்காலோடு நின்றிருக்காது.

மாமாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. "நீ வெள்ளத்துக்குக் கணக்குப் போடுற, நான் வெயிலுக்குக் கணக்குப் போடுறேன் மாப்பிள்ளை" என்றார்.

அவர் சொன்னதன் பொருள், கால்வாய்த் தலைப்பைப் பார்த்தபின்தான் புரிந்தது. இந்த அணையின் பாசனம் 3,200 ஏக்கர். அதில் 2,200 ஏக்கர் தமிழ்நாட்டில். மீதி 1,000 ஏக்கர் புதுச்சேரி மாநிலத்தில். அணை கட்டி முடித்த 1959-இல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் இருந்தது, ஆனால் சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் முழுமை பெற்றது. ஆக, காகிதத்தில் இன்னும் பிரெஞ்சுக்காரர்களுடையதாக இருந்த நிலத்துக்கும் சேர்த்தே அன்றைய சென்னை மாநிலத்தில் ஒரு கால்வாய் வெட்டப்பட்டிருக்கிறது. ஆற்றுநீருக்காக மாநிலங்கள் நீதிமன்றப் படி ஏறும் செய்திகளையே படித்துப் பழகிய எனக்கு, சத்தமில்லாமல் அறுபத்தைந்து ஆண்டுகளாக எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் இந்த வாய்க்கால் வியப்பாக இருந்தது. மாமாவுக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை. கடைமடைக்காரருக்கு உள்ள கவலை வேறு: மழைக்காலம் முடிந்தபின் மதகைத் திறந்தால் தலைமடையில் நிரம்பி, இடையில் அடைத்த வாய்க்கால்களில் தங்கி, கடைசி வயலுக்கு எத்தனை நாளில், எவ்வளவு வரும் என்பதுதான். "தண்ணி வர்றது பெரிசில்ல, வாய்க்கால் தூர் எடுத்திருக்கணும்" என்று அவர் இரண்டு முறை சொன்னார். வயலில் நெல்லும் கரும்பும் இருக்க, தண்ணீர் நம்பிக்கையில்லாத ஆண்டுகளில் மல்லாட்டை போடுவார்களாம். வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் எங்கள் பக்கத்து வழக்கை மகள் பள்ளியில் சொன்னால் கேலி செய்கிறார்களாம். மாமா அதைக் கேட்டுக் கேலி செய்தவர்களுக்காக வருத்தப்பட்டார்.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். காலைச் சிற்றுண்டியை வீட்டிலிருந்து எடுத்துச் செல்வதே உத்தமம். அணைக்குச் செல்லும் வழியில் ஓலைக் கூரையின் கீழ் ஒரு கடையில் மீன் வறுவல் கிடைத்தது. காலையில் பிடித்த ஜிலேபிக் கெண்டையை எங்கள் கண்முன்னே கழுவி, கீறி, மசாலா தடவிப் போட்டுக் கொடுத்தார் கடைக்கார அம்மா. மீனின் புதுமை நாக்கில் தெரிந்தது, கடல் மீனுக்குப் பழகிய எங்களுக்கு அதில் இருந்த மெல்லிய மண்வாடைகூட ஒரு மாறுதலாகவே பட்டது. ஆனால் எண்ணெய் பலமுறை காய்ந்தது. மனைவி முதல் துண்டோடு நிறுத்திக்கொண்டார். மாமா மூன்று துண்டு சாப்பிட்டு, முள்ளை வாழையிலையின் ஓரத்தில் அளந்து அடுக்கி வைத்தார். வறுத்த மீனைவிடப் பச்சை மீனை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைப்பதே அறிவுடைமை. நாங்கள் ஒரு கிலோ கெண்டையை அப்படித்தான் கொண்டுவந்தோம். புளி சற்று தூக்கலாக இருந்தால் மண்வாடை அடங்கிவிடுகிறது.

கழிப்பறையைப் பொறுத்தவரை, பெண்களும் முதியவர்களும் முன்கூட்டியே திட்டமிட்டு வருவது நல்லது. நாங்கள் திரும்பும் வழியில் நெடுஞ்சாலை உணவகம் ஒன்றுக்குத்தான் போக வேண்டியிருந்தது. கரையோரத்தில் நெகிழிக் குவளைகளும் உடைந்த மதுப்புட்டிகளும் கிடந்தன. பரிசல்காரர் செருப்பில்லாமல் அதே இடத்தில்தான் இறங்கினார். புதுச்சேரிப் பதிவெண் கொண்ட வண்டிகளில் வந்து குடித்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி அவர் பேசியபோது, எங்கள் வண்டியின் எண்பலகை நினைவுக்கு வந்து நான் சற்று நெளிந்தேன். குளிக்க இறங்குவது பற்றி ஒரு சொல்: இறங்காதீர்கள். நீர்ப்பரப்பின் அடியில் சேறு, வலைகள், திடீர்ப் பள்ளங்கள். ஷட்டருக்குக் கீழே உள்ள பாறைக் குட்டைகளோ, பார்க்க அமைதியாக இருந்து ஏமாற்றும் வகை.

அணையோடு பயணத்தை முடித்துவிட்டால் அரை நாள் மிஞ்சும். அதற்குத் திருவக்கரையே சரியான துணை. ஆற்றின் போக்கிலேயே கீழே வந்தால் அதே சங்கராபரணிக் கரையில் இருக்கும் ஊர் அது. சந்திரமௌலீசுவரர் கோயிலில் மும்முக லிங்கத்தைப் பார்த்துவிட்டு, வக்கிரகாளியம்மனை வணங்கிவிட்டு வரலாம். பௌர்ணமியன்று மட்டும் கூட்டம் தாங்காது என்பதால், அமைதி விரும்புவோர் அந்நாளைத் தவிர்க்கலாம். எங்களைக் கட்டிப்போட்டது கோயிலுக்கு அருகிலுள்ள தேசியக் கல்மரப் பூங்கா. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1940-இல் அமைத்தது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மரமாக இருந்தவை, செம்மண்ணில் கல்லாகப் படுத்துக் கிடக்கின்றன. பட்டையின் வரியும் உள்வளையமும் அப்படியே இருக்கின்றன. தட்டிப் பார்த்தால்தான் கல். இவற்றைப் பற்றி ஐரோப்பியர் உலகுக்கு முதலில் எழுதியவர் 1781-இல் இங்கு வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னெரா.

அந்த மரங்களுக்குக் கிளையும் இல்லை, வேரும் இல்லை என்பதை மகள்தான் முதலில் கவனித்தாள். அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, எங்கிருந்தோ வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்து, காலப்போக்கில் கல்லானவை என்பதே நிலவியலாளர் தரும் விளக்கம். அணைக்குக் கீழே பாறையில் சிக்கிக் காய்ந்துகொண்டிருந்த அந்த மரத்தை அவள் மறக்கவில்லை. "அதுவும் இப்படி ஆகுமாப்பா?" என்று கேட்டாள். அதற்கு முன்பே யாராவது விறகுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று மாமா பதில் சொன்னார்.

எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு என் பரிந்துரை கார்த்திகை கடைசியிலிருந்து மாசி வரை. வடகிழக்குப் பருவமழை முடிந்து அணை நிறைந்திருக்கும், வாய்க்காலில் நீர் ஓடும், வயல் பச்சையாக இருக்கும், வெயிலும் பொறுத்துக்கொள்ளும்படி இருக்கும். சித்திரைக்குப் பின் போனால் நடுவில் ஒரு குட்டையும் சுற்றிலும் வெடித்த சேறும்தான் மிச்சம் என்றார் மாமா. பெருமழை நாட்களில் வேடிக்கை பார்க்கப் போவது அங்கே வேலை செய்பவர்களுக்கும் இடைஞ்சல், போகிறவருக்கும் ஆபத்து. பறவை பார்ப்போர் ஊசுடு ஏரியையும் இதே பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஏரிக்கும் சங்கராபரணி நீர்தான் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே வருகிறது என்பதால், அதுவும் இந்தக் கதையின் உறவினர்தான். பேருந்தை நம்பிக் குடும்பத்தோடு போக நான் சொல்லமாட்டேன். சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இருந்தால், காலை ஆறரைக்குப் புறப்பட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு இந்த இடம் பொருந்தாது.

நட்சத்திரக் கணக்கில் சொல்ல வேண்டுமென்றால், சுற்றுலாத் தலமாக இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. கரைமேல் நடந்த அந்தக் காலை இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஐந்தும் தருவேன்.

திரும்பும்போது மாமாவை அவர் ஊரில் இறக்கிவிட்டு, ஆற்றை ஒட்டியே வந்து ஆரியப்பாளையம் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டினோம். கீழே கோரை மண்டிய மணலில் ஒரு கோடு போல நீர் ஓடிக்கொண்டிருந்தது. தூண்களில், என் தலைக்கு மேலே நல்ல உயரத்தில், டிசம்பர் வெள்ளம் விட்டுப்போன வைக்கோலும் கந்தல் துணியும் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. பையில் இருந்த மீனுக்கு ஐஸ் உருகிவிட்டது என்று மனைவி நினைவுபடுத்தியதால் அதிக நேரம் நிற்கவில்லை.